பிழை திருத்தத்தை முதலில் படிக்கும் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, காலி நாற்காலி தேடி உட்கார்ந்து, இப்போதே பிரிப்பதா வீட்டுக்குப் போய்ப் பிரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இதே மாதிரி ஒரு மலரை வேறு யாருடைய நினைவாகவோ வேறு ஒரு வீட்டில் கொடுத்திருந்தால், அக்கா இதற்குள் முக்கால்வாசி படித்து முடித்திருப்பார். பந்திக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பார். துக்க வீட்டில் இப்படிச் சிரிக்கிறாளே என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

அந்தச் சிரிப்பு ஞாபகத்தில் இருப்பதால்தான் இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. "நீதான் அக்காகூட அதிகமா இருந்தவ, நீயே எழுது. ஆனா அடக்கமா எழுது" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'பரோபகாரி' என்று ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். 'எவர் மனமும் நோகாதபடி வாழ்ந்தவர்' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா என் காதோரம் வந்து நின்று கேட்கிற மாதிரி இருந்தது: "ஏண்டி, இந்தத் திருச்சி ஜில்லாவுல கெட்ட மனுஷன் ஒருத்தன்கூடச் சாகறதே இல்லையா? எந்த மலரைத் தொறந்தாலும் பரோபகாரியாவே இருக்காங்களே!" அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அடக்கம் போதவில்லை என்று நினைப்பவர்கள் அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா பிறந்தது லால்குடிக்குப் பக்கத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில். எங்கள் அப்பா ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்து, படித்து, ரெவின்யூ இலாகாவில் சேர்ந்தவர். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக முசிறி, குளித்தலைப் பக்கமெல்லாம் குதிரையில் சுற்றினார். பிறகு திருச்சிக்கு மாற்றலாகி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் வீடு எடுத்தோம். வந்த கொஞ்ச காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது அம்மாவின் முகம் மனதில் பதிகிற வயதுகூட இல்லை. அக்கா எட்டாம் வகுப்பு முடித்திருந்தார். பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம். மறுநாள் காலையில் அடுப்பு மூட்ட வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். அண்ணனை பி.ஏ. வரைக்கும், என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க அனுப்பியது அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்குதான்.

பள்ளிக்கூடம் நின்றதே தவிர அக்காவின் படிப்பு நிற்கவில்லை. சாமான் வாங்கப் பெரிய கடை வீதிக்குப் போகும்போதெல்லாம், மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடை போட்டிருந்த பாயிடம் போய் நிற்பார். கதைப் புத்தகங்களை மற்ற பெண்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். அக்காவுக்கு அது வேண்டாம். ரிடையரான உத்தியோகஸ்தர்களும் டாக்டர்களும் மிராசுதார்களும் கைக்காசைப் போட்டு அச்சடித்த சுயசரிதைகள் இருக்கின்றனவே, அவை வேண்டும். அதோடு, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி, மேடையில் பேசுவது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி என்று வழி சொல்கிற புத்தகங்கள் வேண்டும். எதற்கு? முன்னேறுவதற்கு இல்லை. சும்மா, சந்தோஷத்துக்கு.

இந்த 'சும்மா' என்ற சொல்லைத்தான் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. புத்தகக் கடை பாயே ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். நானும் கூட இருந்தேன். "தங்கச்சி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. போன மாசம் திக்குவாய் தீர வழின்னு ஒரு புத்தகம் எடுத்துக்கிட்டீங்க. அதுக்கு முன்னாடி ஆஸ்துமா. இன்னிக்கு வழுக்கை. வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?" அக்கா சிரித்த சிரிப்பில் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "எல்லாரும் சௌக்கியந்தாங்க பாய். வழுக்கையைப் பத்தி ஒரு மனுஷன் இவ்வளவு பக்கம் எழுதியிருக்காரே, அதுக்காகத்தான்" என்றார். பாய் வானத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்தார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தேன்.

அக்கா புத்தகம் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பிழை திருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். "இதை மொதல்ல படிக்கணும்டி. எல்லாத் தப்பையும் எப்படி அச்சகத்துக்காரன் தலையில கட்டியிருக்காங்க பாரு. இவங்க பண்ணின தப்பு ஒண்ணுகூட இருக்காது" என்பார். பிறகு ஆசிரியரின் போட்டோ. பிறகு அணிந்துரை, எழுதிக் கொடுத்த பெரிய மனிதர் புத்தகத்தைப் படிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி தேடுவார், கிடைத்துவிடும். அதற்கப்புறம்தான் பிள்ளைப் பருவம். "இவரும் தெருவிளக்குல படிச்சவர்தாண்டி! இந்த ஊர்ப் பெரிய மனுஷங்க அத்தனை பேரும் தெருவிளக்குலதான் படிச்சிருக்காங்க. அந்த விளக்கடியில எம்மாம் கூட்டம் இருந்திருக்கும்! தள்ளுமுள்ளு இல்லாம எப்படிப் படிச்சாங்க?"

விடியற்காலை எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்து உடற்பயிற்சி செய்து வெற்றி பெற்ற ஒரு மனிதர் எழுதிய புத்தகம் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஓடியது. அக்கா சட்டியில் குழம்பைக் கிளறிக்கொண்டே ஒரு கையால் அதைப் பிடித்துப் படிப்பார். "நாலு மணிக்கு எழுந்தாராம். சரி. எழுந்ததும் சூடா ஒரு டம்ளர் பால் குடிச்சாராம். பாலை யாரு காய்ச்சினா? அந்தம்மா மூணரைக்கே எழுந்திருக்கணுமே. அந்தம்மாவுக்கு வெற்றி வந்துதா இல்லையான்னு எழுதலை பாரு!"

சுயசரிதைகளில் மனைவி வருகிற இடத்தை அக்கா விரலை வைத்துத் தேடுவார். பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: அந்த ஆண்டில் எனக்கு விவாகம் நடந்தேறியது. அடுத்த வரியில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். இப்படிப்பட்ட மனைவிமார்களுக்கு அக்கா ஒரு பெயர் வைத்திருந்தார்: ஒரு வரி அம்மாள். "இந்தப் புத்தகத்துல ஒரு வரி அம்மாள் எந்தப் பக்கத்துல வர்றாங்க, கண்டுபிடி பாப்போம்" என்று எங்களுக்குப் போட்டி வைப்பார். அண்ணனும் நானும் அடித்துக்கொண்டு தேடுவோம்.

இதையெல்லாம் கேட்டு, அக்கா அந்த மனிதர்களை ஏளனம் செய்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை நானே அப்படிக் கேட்டுவிட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு இவங்களைப் பிடிக்கும்டி. ஜில்லாவையே ஆட்டி வச்ச மனுஷன், ரயில்ல தலைப்பாகை தொலைஞ்சு போனதுக்கு ஒரு பக்கம் அழுதிருக்கார். நேர்ல பாத்திருந்தா நம்மகிட்ட அதைச் சொல்லியிருப்பாரா? வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பியிருப்பார். புத்தகத்துலதான் பக்கத்துல உக்காந்து பேசறார்" என்றார். வீட்டை விட்டு முக்கொம்பு தாண்டிப் போகாத அக்காவுக்கு இப்படித்தான் இத்தனை பெரிய மனிதர்களோடு பழக்கம் ஏற்பட்டது.

இனி வருவதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில், மணப்பாறையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாட்டு வியாபாரத்தில் வசதியான குடும்பம். பெரிய ஓலைப்பெட்டி நிறைய முறுக்கோடு வந்தார்கள். எல்லாம் சுமுகமாகத்தான் போனது. அக்கா காபி கொடுத்து, வணங்கி, உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் காற்றுக்காக ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் மேடையில் ஒரு புத்தகம் கிடந்தது. எடுத்து, அட்டையைத் தூரமாகப் பிடித்து வாய்விட்டு வாசித்தார். நரம்புத் தளர்ச்சியைப் போக்க வழி சொல்லும் புத்தகம்.

"இது யாருக்குங்க?" என்று கேட்டார்.

"எது?" என்றார் அப்பா.

"நரம்புத் தளர்ச்சி."

"எங்க வீட்ல யாருக்கும் அப்படியெல்லாம் இல்லீங்களே" என்று அப்பா சிரித்தார்.

"அப்ப எதுக்குங்க வாங்கினீங்க?"

அந்தப் புத்தகம் எப்படி வீட்டுக்குள் வந்தது என்றே அப்பாவுக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில், உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"அது என்னுதுங்க. சும்மா படிக்கிறதுக்கு வாங்கினேன்."

தாய்மாமன் புத்தகத்தை இருந்த இடத்திலேயே, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் போல இரண்டு விரலால் வைத்தார். "வைத்தியப் புத்தகத்தைச் சும்மா யாராச்சும் படிப்பாங்களா? சரிங்க, ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டு எழுதறோம்" என்று எழுந்தார். எழுதவில்லை.

எழுதாவிட்டாலும் பேசினார்கள். ரெவின்யூக்காரர் பெண்ணுக்கு நரம்புக் கோளாறாம் என்ற பேச்சு மணப்பாறையில் புறப்பட்டு, திண்டுக்கல் ரோடு வழியாக வந்து, ஸ்ரீரங்கத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று ஜாதகங்களும் பாதி வழியில் திரும்பின. உறவுக்காரர்கள் பரிதாபப்பட்டு வல்லாரை லேகியம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சமயபுரத்துக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். எதிர்வீட்டு மாமி ஒருத்திதான், "அவளுக்கு ஒண்ணுமில்லை, நன்னாத்தான் இருக்கா. புஸ்தகம் படிச்சா வியாதியா?" என்று தெருவில் நின்று சண்டை போட்டார். அந்த மாமிக்கு எங்கள் நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா அழவில்லையா என்று கேட்பீர்கள். அழுதார், கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். ஆனால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. அதில் ஒரு பயிற்சி இருந்தது. நரம்பு பலவீனமானவர்கள் தினமும் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று, 'நான் சிங்கம்' என்று உரக்கச் சொல்ல வேண்டுமாம். அக்கா எங்களையும் வரிசையாக நிறுத்திச் சொல்ல வைப்பார். ஒரு நாள் என் பள்ளிக்கூடத் தோழி வந்த நேரத்தில், அக்கா கையில் கரண்டியோடு கண்ணாடி முன் நின்று 'நான் சிங்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் வகுப்பே என்னைப் பார்த்து உறுமியது. ஐயோ, நான் பட்ட அவமானம்! வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன். "நீயும் திருப்பி உறுமிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

அப்பா ரிடையரானார். பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் வருகிற ஆசை அவருக்கும் வந்தது. அறுபது வயது நிறைவு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாகப் போட வேண்டும் என்றார். அப்பாவுக்கு ஆபீசில் சொல்லிப் பழக்கமே தவிர எழுதிப் பழக்கமில்லை. அதனால் அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து சொல்ல, அக்கா கீழே உட்கார்ந்து எழுதினார். அந்தச் சில மாதங்கள் அக்காவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒரு சுயசரிதை தன் கண் முன்னாலேயே, தன் கையாலேயே உருவாகிறதே! "அப்பா, தெருவிளக்கு வரலையேப்பா?" என்று குறும்பாகக் கேட்பார். "எங்க ஊர்ல தெருவே கிடையாது, விளக்கு எங்கேருந்து வரும்?" என்பார் அப்பா. "அப்ப அதையே எழுதறேன்" என்று எழுதிக்கொள்வார்.

குதிரை வந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக அப்பா வைத்திருந்த குதிரைக்கு ராஜா என்று பெயர். அது காவிரி வெள்ளத்தில் அப்பாவைக் கரை சேர்த்ததும், கொள்ளு தின்ன அடம் பிடித்ததும், அதை விற்ற அன்று அப்பா சாப்பிடாமல் படுத்ததும் இரண்டு பக்கத்துக்கு ஓடின. அடுத்து அம்மா. 'இதனிடையே என் மனைவி காலமானாள்' என்றார் அப்பா. அக்கா எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. ஒரு வரி அம்மாள் என்றுதான் சொன்னார், எனக்குத் தெரியும். சிரிப்பு எங்கள் இருவருக்கும் வரவில்லை.

அப்பா தொடர்ந்து சொன்னார். "எனக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும். மூத்தவள் வீட்டோடு இருக்கிறாள்."

அக்கா எழுதினார். பேனாவை எடுக்காமல் கேட்டார். "இது போதுமாப்பா?"

"வேறென்னம்மா இருக்கு எழுத?" என்றார் அப்பா.

அப்பா அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்து, ஒன்றும் தோன்றாமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது. அவர் காலையில் குடித்த காபியும், மாலையில் போட்ட சலவைச் சட்டையும், அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு எழுத்தும் வந்த கை அவர் காலடியிலேயே இருந்தது.

சின்னக் கடை வீதி அச்சகத்திலிருந்து புரூப் வந்தது. அதே சமயத்தில்தான் என் சம்பந்தம் புதுக்கோட்டைப் பக்கம் பேசி ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அண்ணன் புரூப்பைப் படித்துக்கொண்டே வந்தவர், குடும்பம் என்ற பகுதியில் நின்றார்.

"அப்பா, இந்த வரி வேண்டாம். இந்தப் புத்தகம் சம்பந்தி வீட்டுக்கும் போகும். மூத்தவ எதுக்கு வீட்டோட இருக்கான்னு கேப்பாங்க. கேட்டா அந்த நரம்புக் கதை வெளியில வரும். சின்னவ கல்யாணம் நின்னு போயிடும்."

அப்பா அக்காவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அக்கா கையில் பென்சில் இருந்தது. புரூப் முழுவதையும் அவர்தான் திருத்திக்கொண்டிருந்தார். "எடுத்துடலாம்ப்பா" என்றார், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். "ஆனா அந்த வரியை மட்டும் எடுத்தா மேல 'இரண்டு மகள்களும்'னு நிக்கும். ஒருத்தியைப் பத்தித்தானே இருக்கு, இன்னொருத்தி எங்கேன்னு படிக்கிறவங்க தேடுவாங்க. அதையும் மாத்தணும்."

சொல்லிவிட்டு, 'இரண்டு மகள்களும்' என்பதை அடித்து, ஓரத்தில் 'ஒரு மகளும்' என்று அழகாக எழுதினார். அண்ணன் புரூப்பை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அப்பா செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். என் கல்யாணத்துக்காகத்தான் எல்லாம் நடந்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

புத்தகம் வந்தது. நல்ல காகிதம், அப்பா தலைப்பாகையோடு போட்டோ. அக்கா வழக்கம் போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பிழை திருத்தம் போட்டிருந்தார்கள். குதிரையின் பெயர் ராஜா என்பது 'ரோஜா' என்று அச்சாகிவிட்டது, திருத்தி வாசிக்கவும் என்று இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருடி, குதிரைக்குக்கூடத் திருத்தம் போட்டிருக்காங்க!" என்று சிரித்தார். அதே சிரிப்புதான். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் எதனால் வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் கல்யாணத்தின்போது அக்கா சாமான்கள் அடுக்கிய உக்கிராண அறையை விட்டு வெளியே வரவில்லை. அரிசி, வெல்லம், தேங்காய் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு என்பது வெளியில் சொன்ன காரணம். தாலி கட்டுகிற நேரத்திலும் வரவில்லை. மூன்றாம் நாள் என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கக்கா எங்கம்மா? கண்ணுலயே படலையே? அந்த நரம்புக் கதையெல்லாம் பேச்சு ஆரம்பிச்சப்பவே எங்க காதுக்கு வந்துடுச்சு. எங்களுக்கு அதுல ஒண்ணுமில்லை. உங்கப்பா புத்தகத்துல ஒரே மகள்னு போட்டிருந்துச்சா, சரி, அவங்களுக்கே சொல்ல இஷ்டமில்லை போலிருக்குன்னு நாங்களும் கேக்கல." மறைத்ததில் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்கவில்லை. அக்காவைப் புத்தகத்திலிருந்து எடுத்தது வீணுக்குத்தான்.

பின்னால் என் கணவருக்குப் புதுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நாங்கள் கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அக்கா மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவார். பக்கத்து வீடுகளில் எல்லாம் எஞ்சினீயர்களும் போர்மேன்களும். அவர்கள் வீட்டு அலமாரியில் முன்னேற்றப் புத்தகங்கள் நிறைய இருந்தன. நிஜமாகவே முன்னேறுவதற்காக வாங்கியவை. அக்கா அவற்றைக் கடன் வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பெண்களுக்குச் சொல்ல, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "உங்கக்கா எப்ப வருவாங்க?" என்று தெருவே கேட்கும். அப்போது மட்டும் நான் பத்தடி முன்னால் நடக்கவில்லை.

சென்ற வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். சிரித்தால் வலிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் புத்தகம் கேட்டார். பாய் தானே தேடி எடுத்து, ஒரு சுயசரிதையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். வலியை வெல்வது எப்படி என்ற புத்தகமும் அவர் பையில் இருந்தது, ஆனால் எடுத்து நீட்ட மனசு வரவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். நான் படித்துக் காட்டினேன். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ், "பயமா இருக்காம்மா?" என்றார். "நான் சிங்கம்" என்றார் அக்கா. நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா நான்கு வாரம் இருந்தார். நாற்பது வயதாகவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அண்ணனிடம் காட்டினேன். அண்ணன் முகம் சிவந்து போனது. "புரூப் விஷயத்தையெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா? என்னைப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்க. அப்பா இருக்கார்ல? அவர் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா? அக்கா ஆன்மிக நூல்களை விரும்பிப் படித்தார்னு போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். நான் பதிலுக்குக் கத்த, அவர் கத்த, உள்ளேயிருந்து அப்பா இரண்டு பேரையும் கூப்பிட்டார். அப்பாவுக்கு இப்போது கண்ணில் புரை. படிக்க முடியாது. இத்தனை வருஷமும் அக்காதான் செய்தித்தாள் படித்துக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கேன்னு படி" என்றார்.

படித்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். குதிரை வந்தபோது நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். 'வேறென்னம்மா இருக்கு எழுத' என்ற இடத்தைத் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன். "விடாதே, படி" என்றார். படித்து முடித்தபோது அவர் மேல்துண்டால் முகத்தை மூடியிருந்தார். அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே வெட்கப்பட்டு நின்றோம்.

துண்டை எடுக்காமலே அப்பா கேட்டார். "கடைசிப் பக்கத்துல என்ன வருது?"

"நன்றியுரைங்கப்பா" என்றார் அண்ணன்.

"அதுக்குக் கீழ கொஞ்சம் இடம் விடு. எழுதிக்கம்மா."

ஆபீசில் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் கீழே, அக்கா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும், கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"இது போதுமாப்பா?"

"போதாதும்மா" என்றார் அப்பா. "திருத்தத்துல அவ்வளவுதான் போட முடியும்."

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், பிரசவத்துக்கு வந்த தன் மகளை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு மாமிக்கும், கைலாசபுரம் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், புத்தகக் கடை பாய் அவர்களுக்கும், ஏதும் கேட்காமல் என்னை ஏற்றுக்கொண்ட என் மாமியாருக்கும், ஈமக் காரியங்களில் கூட நின்ற உறவினர்களுக்கும், இந்த மலரைக் குறித்த நாளில் அச்சிட்டுக் கொடுத்த சின்னக் கடை வீதி அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கத்தை முதலில் திருப்பியிருந்தால், அக்காவுக்கு உங்களைப் பிடித்திருக்கும்.

பிழை திருத்தம்

என் அறுபதாம் ஆண்டு நிறைவில் நான் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலில், குடும்பம் என்னும் பகுதியில், 'எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும்' என்று உள்ளதை, 'எனக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும்' என்று திருத்தி வாசிக்கவும். இந்தப் பிழை அச்சகத்தாருடையது அன்று.